தேயக் கூடாத பட்டை

ஓடுகிற வண்டியை நிறுத்த என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் ஐந்து வயதுக் குழந்தைகூட, "எதையாவது இறுக்கிப் பிடிக்கணும்" என்று சொல்லிவிடும். மோட்டார் உராய்வுச் சோதனைக் கூடத்தில் இருந்த பதினேழு பேருக்கு மட்டும் அது தெரியாது. தெரியாது என்பதுகூடச் சரியில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது. ஒன்பது வருஷம் பாடுபட்டு மறந்திருந்தார்கள்.

அது மோட்டார் வண்டி புதுசாக வந்திருந்த காலம். தெருவில் ஒன்று புகையைக் கக்கிக்கொண்டு போனால் ஜனங்கள் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவருவார்கள். அது எப்படி ஓடுகிறது என்று வியக்காதவர்கள் இல்லை. எப்படி நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை. எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்துகிற கிளட்சிலும் சரி, சுழலும் சக்கரத்தை நிறுத்துகிற பிரேக்கிலும் சரி, உள்ளே இருப்பது ஒரு பட்டைதான். அழுத்தினால் அது இரும்பைக் கவ்வ வேண்டும். கவ்வினால் தேயும். தேய்ந்தால் மாற்றிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இதற்கு ஒரு கூடம், ஒரு தலைவர், பதினாறு சிப்பந்திகள், வாசலில் இரண்டு பூந்தொட்டி.

நம் பட்டைக்காரர் ஆலை இயந்திரங்களுக்குத் தோல் பெல்ட் தைத்துக்கொண்டிருந்தவர். அவரை மோட்டார் பக்கம் இழுத்துவிட்டது அவருடைய மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி. அவன் மலைப்பாதையில் பஸ் ஓட்டினான். பதினான்கு வளைவு. ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே கிடையாது.

அந்தப் பாதையில் ஓடிய பஸ்களுக்கெல்லாம் கூடத்தின் அங்கீகாரம் பெற்ற பட்டைதான். அதைச் செய்தவர் சீப்புக்காரர். சீப்பு செய்கிற அதே எருமைக்கொம்பை வளைத்து, மெருகேற்றி, வழுவழுவென்று கொடுப்பார். அவர் மட்டும் மலைக்கு நடந்தே போய்வருவார். அந்தப் பட்டையோடு பஸ் இறங்கும்போது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒருவர் மரக்கட்டையோடு ஓடிவருவார். நிறுத்த வேண்டிய இடத்தில் கட்டையைச் சக்கரத்துக்கு அடியில் எறிவார். வேலைக்குச் சேர்க்கும்போது அவரிடம் கண்டக்டர் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

"நான் பிரேக்கை மிதிக்கிறது சும்மா ஒரு பழக்கம்தான் அத்தான். வண்டி நிக்கிறதெல்லாம் கட்டைக்காரர் புண்ணியம்" என்று மைத்துனன் சிரித்துக்கொண்டே சொன்னான். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவனை நாலு வயதிலிருந்து தூக்கி வளர்த்தவள் அவள். அன்றிலிருந்து புருஷனைப் பிடித்து உலுக்க ஆரம்பித்தாள்.

பட்டைக்காரர் பருத்தி நூலையும் மெல்லிய பித்தளைக் கம்பியையும் சேர்த்துப் பின்னி, பிசினில் ஊறவைத்து, அடுப்புச் சூட்டில் இறுக்கி ஒரு பட்டை செய்தார். மைத்துனனின் பஸ்ஸில் மாட்டினார். மிதித்தால் பஸ் நின்றது. கட்டைக்காரர் பத்து நாள் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து வந்தார். பிறகு கட்டையையும் வைத்துவிட்டார். அக்காவும் நிம்மதியாகத் தூங்கினாள்.

அதற்குள் கூடத்துக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து கூடத்தின் முத்திரை இல்லாத பட்டையோடு வண்டி ஓட்டினால் டிரைவரின் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு வந்தது. அதே வாரம் ஒன்பதாவது வளைவில் வேறொரு பஸ் நிற்காமல் நேரே போய்விட்டது. கீழே இறங்கி அதன் பட்டையை எடுத்துப் பார்த்தார்கள். கடையில் வாங்கின மாதிரி புத்தம்புதுசாக இருந்தது. "தேய்மானம் சிறிதும் இல்லை" என்று கூடம் பெருமையோடு அறிக்கை விட்டது. அதில் ஒரு நகலை டிரைவரின் வீட்டுக்கும் அனுப்பினார்கள்.

பட்டைக்காரர் பின்னின பட்டையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனார்.

முதலில் கிடங்குக் குமாஸ்தா. நகை எடை போடுகிற தராசில் பட்டையை வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு முள்ளைப் பார்த்தார்.

"எட்டு அவுன்ஸ், மூணு குன்றிமணி. இங்க கையெழுத்துப் போடுங்க. இனிமே இது கூடத்தோட சொத்து. திருப்பித் தர்றப்போ இதே எடையில தருவோம்."

"இதே எடை எப்படிங்க இருக்கும்? தேய்ச்சுத்தானே பாப்பீங்க?"

"தேய்ச்சுப் பாப்போம். தேய விடமாட்டோம்" என்றார் குமாஸ்தா. "ஒரு குன்றிமணி குறைஞ்சாலும் நான்தானே பதில் சொல்லணும்? நான் பிள்ளைகுட்டிக்காரன்."

சோதனை அறை பளிங்கு மாதிரி இருந்தது. நடுவில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புச் சக்கரம். அதைக் கைப்பிடி போட்டுச் சுற்றுவதற்கு ஒருவர். அவர் பெயரே சக்கரக்காரர். பட்டையை அதன்மேல் அழுத்திவைத்துக் குறிப்பெழுதச் சோதனையாளர் ஒருவர். பட்டைக்காரர் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார். விரல் வழுக்கியது.

"என்னங்க இது, எண்ணெயா?"

"தினம் காலையில தடவுவேன்" என்றார் சக்கரக்காரர். "மேலதிகாரிங்க வந்தா முகம் தெரியணும்னு உத்தரவு."

"எண்ணெய் மேல வெச்சா எந்தப் பட்டைங்க பிடிக்கும்?"

"பிடிக்காதுங்க. அதனாலதான் இத்தனை வருஷமா ஒரு பிரச்சினையும் இல்லாம ஓடுது."

சோதனையாளர் குனிந்து படிவத்தில் ஏழாவது இடத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பட்டைக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து, சக்கரத்தைச் சுற்றிலும் அழுத்தித் துடைத்துவிட்டார். சக்கரக்காரர் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார். பாவம், அவருக்கும் ஒன்பது வருஷமாக ஒரு மாறுதலும் இல்லை.

சோதனை ஆரம்பமானது. சக்கரம் நாலு சுற்றுச் சுற்றியது. பட்டையை அழுத்தினார்கள். சக்கரம் 'கிறீச்' என்று கத்திவிட்டு அப்படியே நின்றது. கைப்பிடி உதறிய வேகத்தில் சக்கரக்காரர் தரையில் உட்கார்ந்திருந்தார். பட்டைக்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நின்னுடுச்சு பாத்தீங்களா!"

சோதனையாளரின் முகம் செத்துப்போயிற்று. "யோவ், என்ன பண்ணி வெச்சிருக்கே? ஒரு மாதிரிக்குக் கால்மணி நேரம் சக்கரம் சுத்தணும். அது விதி. நடுவுல நின்னுட்டா நான் மிச்ச நேரத்துக்கு என்னத்தைச் சோதிக்கிறது?"

"நிறுத்தறதுக்குத்தானேங்க பட்டை?"

"அது வண்டியில. இங்க நிறுத்தினா அதுக்குப் பேரு வேற" என்று சொல்லி, "மாதிரி, அரசாங்க இயந்திரம் தன் கடமையைச் செய்ய விடாமல் தடுத்தது" என்று எழுதினார்.

பட்டை மறுபடியும் தராசுக்குப் போனது. இரண்டு குன்றிமணி குறைந்திருந்தது. குமாஸ்தா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு குன்றிமணி எங்கே?"

"தேஞ்சுபோச்சுங்க."

"தேஞ்சுபோனது எங்கே போச்சு?"

"பொடியாகிக் கீழே விழுந்திருக்கும்."

"அப்ப கொண்டாங்க."

அறைக் கதவைச் சாத்தினார்கள். ஒருவரும் வெளியே போகக் கூடாது என்றார்கள். நாலு பேர் மண்டிபோட்டுத் தரையைத் தூரிகையால் பெருக்கிப் பொடியைச் சேகரித்தார்கள். நிறுத்துப் பார்த்தால் ஐந்து குன்றிமணி. தரைத்தூசும், சக்கரக்காரரின் மூக்குப்பொடியும் சேர்ந்துகொண்டிருந்தன. இரண்டு குறைந்ததற்கு ஒரு விசாரணையோடு போயிருக்கும். இப்போது மூன்று அதிகமாக வந்ததற்கும் ஒரு விசாரணை வைக்க வேண்டியதாயிற்று. அரசாங்கத்தில் குறைந்தால் திருட்டு, கூடினால் சதி. பட்டைக்காரரைச் சாயங்காலம்வரை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுக் கடைசியில் தலைவரிடம் அழைத்துப்போனார்கள்.

தலைவர் கோபக்காரர் அல்லர். கோபக்காரராக இருந்தாலாவது பேச்சைச் சீக்கிரம் முடித்திருப்பார்.

"உக்காருங்க. நீங்க தொழில் தெரிஞ்சவர், ஒத்துக்கறேன். ஆனா உராய்வுன்னா என்னன்னு நினைக்கிறீங்க? உராய்வுங்கிறது ஒரு ஒழுங்கீனம். ரெண்டு பொருள் ஒண்ணோட ஒண்ணு மரியாதையா நடந்துக்கிட்டா உராய்வு எங்கேருந்து வரும்?" என்று கேட்டுவிட்டு, மேஜைமேல் இருந்த கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். உள்ளே பட்டுத்துணியில் சீப்புக்காரரின் கொம்புப் பட்டை படுத்திருந்தது. "இது எங்க முதல் தர மாதிரி. ஒன்பது வருஷத்துல இருநூறு தடவை சோதிச்சிருக்கோம். ஒரு குன்றிமணி குறைஞ்சதில்லை. நான் ஓய்வு பெறுறப்போ இது எப்படி வந்ததோ அப்படியே இருக்கும். என்னைப்பத்தியும் அப்படித்தான் சொல்லணும்னு எனக்கு ஆசை."

"ஐயா, அதைப் போட்ட பஸ்ஸுதானே ஒன்பதாவது வளைவுல..."

"பஸ் எங்க பொறுப்பு இல்லை. பட்டைதான் எங்க பொறுப்பு. பட்டை பத்திரமா இருந்துச்சா இல்லையா?"

பட்டைக்காரர் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார்.

"என் மைத்துனன் அந்தப் பாதையில ஓட்டறான் ஐயா" என்று மட்டும் சொன்னார்.

"நல்ல பாதை" என்றார் தலைவர். "காத்து நல்லா வரும்."

மாதிரி நிராகரிக்கப்பட்டது. காரணம் மூன்று: தேய்ந்தது, இயந்திரத்தைத் தடுத்தது, தரையை அசுத்தப்படுத்தியது. முதல் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து நிராகரிப்புத் தாளை மனைவியிடம் நீட்டினார். அவள் இரண்டு தடவை படித்தாள். தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏங்க, அவங்களுக்குத் தேயக் கூடாது. என் தம்பிக்கு நிக்கணும். ரெண்டையும் ஏன் ஒரே பட்டையில பாக்கறீங்க?"

"அப்படின்னா?"

"அவங்களுக்கு ஒண்ணு கொடுங்க. அவனுக்கு ஒண்ணு கொடுங்க."

"அது பித்தலாட்டம்டி."

"அப்ப கொம்பைப் போட்டு அவனை மலையிலேருந்து இறக்குங்க. அது நேர்மை."

சமையலறையில் உடைந்த பீங்கான் ஜாடி ஒன்று கிடந்தது. பட்டைக்காரர் அதில் வளைவான துண்டு ஒன்றைப் பொறுக்கி, ஓரத்தைத் தேய்த்துச் சரிசெய்து, "மேம்படுத்தப்பட்ட பட்டை" என்று சீட்டு ஒட்டி மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தார்.

கூடத்தின் வரலாற்றில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை. எண்ணெய் தடவின சக்கரத்தில் பீங்கான் வழுக்கிக்கொண்டு நின்றது. கால்மணி நேரம் முடிந்து சக்கரக்காரர் கைப்பிடியை விட்ட பிறகும் சக்கரம் எட்டு நிமிஷம் தானாகச் சுற்றியது. அக்கம்பக்கத்து அறைகளிலிருந்தெல்லாம் சிப்பந்திகள் வந்து எட்டிப்பார்த்தார்கள். தராசில் வைத்தால் எடை குறையவில்லை. பின்பக்கம் ஒட்டியிருந்த எண்ணெயோடு அரைக் குன்றிமணி கூடியிருந்தது. குமாஸ்தாவின் கண் கலங்கிவிட்டது.

"ஓட ஓட வளர்ற பட்டையை இப்பத்தான் பாக்கறேன்" என்றார்.

தலைவர் தம் கையாலேயே சான்றிதழ் கொடுத்தார். தேய்மானம் இல்லை, உராய்வு இல்லை, நடத்தை மிக நன்று என்று எழுதியிருந்தது. "தப்பைத் திருத்திக்கிட்டீங்க. உங்களை மாதிரி ஆளுங்கதான் நாட்டுக்கு வேணும்" என்றார். பட்டைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அங்கீகாரம் பெற்றவர்களுக்குக் கொடுக்கிற இரும்பு முத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பின்னின பட்டைமேல் ஓங்கிக் குத்தி, மைத்துனனின் பஸ்ஸில் மாட்டினார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, கூடத்துக்கு ஒன்பது வருஷம் நிறைந்த விழா வரும்வரை. மலை உச்சியில் படம் பிடித்துக்கொள்வது என்று முடிவாயிற்று. பதினேழு பேரும் கிளம்பினார்கள். அந்த ஆண்டின் சிறந்த பட்டை செய்தவர் என்று பட்டைக்காரரையும் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். போவதற்கு அமர்த்தியது மைத்துனனின் பஸ். "நீங்க செஞ்ச பட்டை போட்ட வண்டியிலயே போவோமே" என்றார் தலைவர். பட்டைக்காரர் கடைசி சீட்டாகப் பார்த்து உட்கார்ந்தார்.

மேலே போனார்கள். படம் பிடித்தார்கள். தலைவர் உராய்வின் தீமைகள் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். இறங்கும்போது மழை தூறிக்கொண்டிருந்தது. பதினோராவது வளைவு திரும்பியதும் பாதைக்குக் குறுக்கே பெரிய மரம் ஒன்று விழுந்து கிடந்தது. மைத்துனன் இரண்டு காலாலும் எழுந்து நின்று பிரேக்கை மிதித்தான். பஸ் அலறியது. எல்லோரும் முன்சீட்டில் மோதிக்கொண்டார்கள். மரத்துக்கு இரண்டு முழம் இருக்கும்போது பஸ் நின்றது.

கிடங்குக் குமாஸ்தா விம்மி விம்மி அழுதுகொண்டே மைத்துனனைக் கட்டிப்பிடித்தார். "என் பிள்ளைங்க முகத்தை இன்னொரு தடவை பாக்க வெச்சியேப்பா, நீ நல்லா இருக்கணும்" என்றார். சோதனையாளர் பாதையில் உட்கார்ந்து மண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தலைவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார், கோட்டைச் சரிசெய்தார், மரத்தைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார். அவருடைய முகத்தில் மெல்ல ஒரு சந்தேகம் எழுந்தது.

"டிரைவர், வண்டி ஏன் நின்னுச்சு?"

"பிரேக்கை மிதிச்சேன் ஐயா."

"அது சரி. ஏன் நின்னுச்சு?"

மைத்துனன் அத்தானைப் பார்த்தான். அத்தான் ஆகாயத்தைப் பார்த்தார்.

"ஒன்பது வருஷமா நான் இந்த வேலையில இருக்கேன்" என்றார் தலைவர், எல்லோருக்கும் கேட்கும்படி. "எங்க முத்திரை வாங்கின எந்தப் பட்டையும் இதுவரைக்கும் இப்படி ஒரு காரியத்தைச் செஞ்சதில்லை."

அவ்வளவுதான். அழுதுகொண்டிருந்த குமாஸ்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு அளவுநாடாவை எடுத்தார். சக்கரத் தடத்தை அளந்தார்கள். பன்னிரண்டு அடி. சோதனையாளர் ஒரு தாளில் கணக்குப் போட்டு, அங்கீகாரம் பெற்ற பட்டையாக இருந்தால் பஸ் இந்நேரம் மரத்தைத் தாண்டிப் பள்ளத்தின் அடியில் இருந்திருக்க வேண்டும் என்று நிரூபித்தார். பஸ்ஸுக்கு அடியில் படுத்துப் பட்டையை வெளியே எடுத்தார்கள். முத்திரை இருந்தது. தேய்மானமும் இருந்தது. கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் ஒருவர் கைகூடத் தட்டினார்.

பட்டைக்காரருக்கு அதுவரை அடக்கிவைத்ததெல்லாம் பொங்கிவிட்டது. "அப்ப எல்லாரும் செத்திருக்கணும்கறீங்களா?"

"சாகணும்னு யாரு சொன்னா? விதிப்படி என்ன ஆகியிருக்கும்கிறதைத்தான் சொல்றோம்" என்றார் தலைவர். "இந்த வண்டி பறிமுதல்."

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து இன்னொரு பஸ் ஏறிவந்து மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. மேட்டில் ஏறும்போது எந்த வண்டியும் நிற்கும். சீப்புக்காரரின் கொம்புப் பட்டை போட்ட, சட்டத்துக்கு முழுக்கக் கட்டுப்பட்ட பஸ். பக்கத்தில் புதுக் கட்டைக்காரர் ஒருவர் கட்டையோடு மூச்சிரைத்துக்கொண்டிருந்தார். "வாங்க ஐயா, வண்டியைத் திருப்பிடறேன். ஏறுங்க, இறக்கி விட்டுடறேன்" என்றான் அதன் டிரைவர்.

பதினேழு பேரும் மரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போனார்கள். பஸ்ஸைப் பார்த்தார்கள். கட்டைக்காரரைப் பார்த்தார்கள். குமாஸ்தாவுக்குத் திடீரென்று வண்டிப் பிரயாணம் என்றாலே தலை சுற்றியது. சோதனையாளருக்குக் கால் நீட்டி நடக்க வேண்டும் போல இருந்தது. சக்கரக்காரர் மட்டும் ஒளிக்காமல், "எனக்குப் பயமா இருக்குங்க" என்றார். தலைவர், "பாதையை ஆய்வு செய்ய வேண்டியிருக்கு. நான் நடந்தே வர்றேன்" என்று குடையை விரித்தார். மிச்சமிருந்த மூன்று வளைவையும் மழையில் நனைந்துகொண்டு நடந்தே இறங்கினார்கள், பறிமுதல் செய்த பட்டையைச் சுமந்துகொண்டு.

மைத்துனன் அன்றைக்கே மலைப்பாதைக்குப் பெரிய கும்பிடு போட்டுவிட்டு, ஊருக்குள் சமதரையில் பால் வண்டி ஓட்டப் போய்விட்டான்.

ஒரு வாரம் கழித்துக் குற்றப்பத்திரிகை வந்தது. குமாஸ்தாவே கொண்டுவந்து, பட்டைக்காரரின் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார். முத்திரையை மோசடியாகப் பயன்படுத்தி, ஓடும் வண்டியை வேண்டுமென்றே நிற்கச் செய்தது குற்றம். ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால் முப்பது நாள் சிறை. மறுத்தால் விசாரணை நடக்கும். ஆதாரங்கள் ஒவ்வொன்றையும் அதே வளைவில், அங்கீகாரம் பெற்ற பட்டை போட்ட பஸ்ஸில் ஏற்றிக் கூடம் மறுபடி சோதித்துப் பார்க்கும்.

"ஆதாரம்னா என்னென்னங்க?" என்று மனைவி கேட்டாள்.

பட்டைக்காரர் படித்தார். "ஆதாரம் ஒன்று, கூடத் தலைவர், உயிருடன். ஆதாரம் ரெண்டு, சோதனையாளர், உயிருடன். மூணு, கிடங்குக் குமாஸ்தா, உயிருடன்..." பதினேழு பேரும் அவரவர் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். குமாஸ்தா வாசல் நிலையைச் சுரண்டிக்கொண்டு நின்றார்.

"தம்பி பேரு இருக்கா?"

"இருக்கு. கடைசியில. ஆதாரம் பதினெட்டு, பஸ் டிரைவர், உயிருடன்."

மனைவி தாளை வாங்கி அந்த வரியை மட்டும் படித்தாள். உள்ளேயிருந்து, "அக்கா, பசிக்குது, எவ்வளவு நேரம்?" என்று ஆதாரம் பதினெட்டு கத்தியது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"பேனாவை எடுங்க" என்றாள். "ஒத்துக்கறேன்னு எழுதுங்க. நல்லா அழுத்தி எழுதுங்க."